நாணயமும் மதிப்பெண்ணும்

நம் தமிழில் ‘நாணயம்’ என்ற ஒரே சொல் இரண்டு பொருளில் வழங்குகிறது. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத குணமும் நாணயம். நம் முன்னோர் இவ்விரண்டையும் ஒரே சொல்லில் கட்டி வைத்திருப்பது சிந்திக்கத் தக்கது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் ‘அம்மன் காசு’ என்ற செப்புக் காசைத் தனக்கென அடித்து வழங்கி வந்தது. 1948-ல் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. அந்தக் காசு இன்று பழம்பொருள் சேகரிப்போரின் பெட்டியில் கிடக்கிறது. காசு என்னும் நாணயம் ஒரு காலத்தில் செல்லும், ஒரு காலத்தில் செல்லாது. குணம் என்னும் நாணயமோ இம்மையிலும் செல்லும், மறுமையிலும் செல்லும்.

நாம் வசிக்கும் இந்த நார்த்தாமலைக்கு நகரத்தார் மலை என்பதே பழைய பெயர் என்பர். சோழர் காலத்தில் வணிகக் குழுவினர் தங்கி வாணிபம் நடத்திய ஊர் இது. முன்பெல்லாம் ஊரறிந்த பெயரே ஒரு மனிதனுக்குப் பிணையாக இருந்தது. இன்று அந்தப் பிணையை ஓர் எண் சொல்லிவிடுகிறது. 300-லிருந்து 900 வரை ஒரு மதிப்பெண். மக்கள் அதைச் ‘சிபில் ஸ்கோர்’ என்கிறார்கள். வாங்கிய கடனைத் தவணை தவறாமல் கட்டினால் எண் உயரும், தவறினால் விழும். விழுந்தவனுக்கு வங்கியின் கதவு அடைபடும்.

இந்தச் சூழ்நிலையில் நம் இளைஞர்கள் சிலர் ஆலிம்களிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: “ஹஜ்ரத், கிரெடிட் கார்டில் கடன் ஏறிவிட்டது. ஸ்கோரும் கெட்டுவிட்டது. இனி எந்த வங்கியும் எனக்குக் கடன் தரப்போவதில்லை. வட்டியோ ஹராம். அப்படியானால் இதைக் கட்டாமலே விட்டுவிட்டால் என்ன?” கேட்பவர் குதர்க்கத்துக்காகக் கேட்கவில்லை, தவித்துப்போய்க் கேட்கிறார். ஆகவே இதற்கு நிதானமாக விடை காண்பது நம் கடமையாகும்.

கடன் வளரும் விதம்

முதலில் நோயை அறிந்துகொள்வோம். ஒருவருக்குக் கார்டில் 50,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் ஒரு மாதத்துக்கு 1,750 ரூபாய். அந்த வட்டியின் மீது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி 315 ரூபாய். ஆக, பாக்கி 52,065 ரூபாயாகிறது. அதில் ஐந்து சதவீதத்தைக் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று கேட்கிறார்கள். அவரும் 2,600 ரூபாயைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார். ஆனால் கடனில் உண்மையாகக் குறைந்தது எவ்வளவு? வெறும் 535 ரூபாய்! மீதி 2,065 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய்விட்டது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இந்த வட்டி 42 சதவீதம். போதாக்குறைக்கு, பாக்கியை முழுதும் கட்டாதவர் அதே கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கு, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும்.

தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் ஒரு தீர்ப்பளித்தது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்பது அதன் கருத்து. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துச் செய்தது. எனவே சட்டம் ஒரு வரம்பு கட்டி நம்மைக் காக்கும் என்று காத்திருப்பதற்கில்லை. நம் மார்க்கமோ 30 என்றும் 42 என்றும் பேரம் பேசவில்லை. வட்டியை வேரோடு தடுத்துவிட்டது. 2000-ஆம் ஆண்டு ரியாத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வட்டி நிபந்தனையோடு கூடிய கடன் அட்டையைப் பற்றி ஆராய்ந்தது. தவணைக்குள் கட்டிவிடலாம் என்ற எண்ணம் இருந்தாலும் அத்தகைய அட்டையை வாங்குவது கூடாது என்று அது தீர்மானித்தது. உரிய நாளுக்குள் முழுதும் கட்டுபவருக்கு அனுமதி உண்டு என்று கூறும் உலமாக்களும் இருக்கிறார்கள். ஆயினும் பாக்கி வைத்து வட்டி கட்டுவதை எவரும் அனுமதிக்கவில்லை.

அசல் யாருடைய உரிமை?

இப்போது கேள்விக்கு வருவோம். வட்டி ஹராம் என்பதால் கடன் இல்லாமற் போய்விடுமா?

திருமறையின் பகரா அத்தியாயத்தில் 275-ஆம் வசனம் முதல் வட்டியைப் பற்றிய கட்டளைகள் வருகின்றன. 279-ஆம் வசனத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வட்டியைக் கைவிட்டவர்களுக்கு அவர்களுடைய மூலதனம் உரியது என்றும், அவர்களும் அநீதி செய்யலாகாது, அவர்களுக்கும் அநீதி செய்யப்படலாகாது என்றும் அது விதிக்கிறது. வட்டியை அழிக்க வந்த அதே வசனம் அசலைக் காப்பாற்றியிருக்கிறது. கடைக்குப் போய் உடுப்பு எடுத்தோம். குளிர்சாதனப் பெட்டி வாங்கினோம். பெண் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினோம். அந்தப் பொருளும் பயனும் நம்மிடம் இருக்கின்றன. அதற்கான விலையை வேறொருவர் கொடுத்திருக்கிறார். கொடுத்தவர் வட்டி வாங்குபவர் என்பதால் நாம் அனுபவித்த பொருள் நமக்கு இனாமாகிவிடாது. அதைத் திருப்பித் தராமல் இருப்பது, வட்டி என்ற ஒரு பாவத்தைக் காட்டி, பிறர் பொருளை உண்ணுதல் என்ற இன்னொரு பாவத்தைச் செய்வதாகும்.

அப்படியானால் வட்டி? அதை விரும்பிக் கொடுப்பதற்கில்லை. வங்கியிடம் பேசி, எழுதிக் கொடுத்து, வட்டியையும் அபராதத்தையும் தள்ளுபடி செய்யுமாறு கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் எதற்கு? எவ்வளவு முயன்றும் தப்ப முடியாமல் ஒரு பகுதியைக் கட்ட நேர்ந்தால், நெருக்கடியால் கட்டுகிறோம் என்ற வருத்தத்தோடும், இனி இந்த ஒப்பந்தத்தில் நுழைவதில்லை என்ற தௌபாவோடும் கட்டி வெளியேற வேண்டும். நாள் கடத்தினால் வளர்வது வட்டிதான். எனவே மிகக் குறுகிய காலத்தில் முடிக்கும் வழியே மார்க்கத்துக்கு மிக நெருக்கமான வழியாகும்.

கடனாளியின் நாவு

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டும் அல்லாஹ்விடம் அதிகமாகப் பாதுகாப்புத் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகத் தேடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் பேசுகிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்ற கருத்தில் விடையளித்தார்கள். இது புகாரியில் வரும் செய்தி. அண்ணலார் கடனாளியின் வறுமையைக் குறிப்பிடவில்லை. அவன் நாவைக் குறிப்பிட்டார்கள்! கடன் முதலில் அழிப்பது பணப்பையை அன்று; நாணயத்தைத்தான்.

நம் வீடுகளில் நடப்பதும் அதுதானே? வங்கியிலிருந்து தொலைபேசி வந்தால் “அவர் ஊரில் இல்லை” என்று பிள்ளையைச் சொல்லச் சொல்கிறோம். மனைவிக்குத் தெரியாமல் கார்டு. அந்தக் கார்டை அடைக்க, வாப்பாவுக்குத் தெரியாமல் இன்னொரு கார்டு. கைப்பேசியில் வரும் கடன் செயலியில் ஐயாயிரம். அதை அடைக்க வேறொன்றில் பத்தாயிரம். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பொய். சிபில் மதிப்பெண் விழுவதற்கு வெகு நாள் முன்பே நாணயம் விழுந்துவிடுகிறது.

ஆகவே வைத்தியம் தொடங்க வேண்டிய இடமும் அதுவே. கடன்பட்ட சகோதரர் முதற்காரியமாக ஒரு நோட்டை எடுத்து, யாருக்கு எவ்வளவு, அதில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எழுதட்டும். அதை மனைவியிடமும், நம்பிக்கைக்குரிய ஒரு பெரியவரிடமும் காட்டட்டும். இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்றிரவே மௌத்து வந்தால் என்ன ஆகும்? இறந்தவரின் சொத்தில் கடனை அடைத்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு என்பது நிஸா அத்தியாயத்தின் சட்டம். ஜுபைர் இப்னு அவ்வாம் (ரலி) அவர்கள் பெருங்கடனோடு ஷஹீதானார்கள். அவர்களுடைய மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் நிலத்தை விற்றுக் கடனை அடைத்தார்கள். அதன் பின்னும் சொத்தைப் பங்கிட அவசரப்படவில்லை. தந்தையிடம் பாக்கி உள்ளவர் வரலாம் என்று நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவிப்புச் செய்தார்கள். தந்தை தம் கடனை மகனிடம் மறைக்காமல் சொல்லிச் சென்றதாலன்றோ அது நடந்தது?

விற்பதற்கு வெட்கமா?

இரண்டாவது காரியம், இருப்பதை விற்பது. இதைச் சொன்னால் பலருக்குக் கசக்கிறது. நகையை அடகு வைத்துக் கார்டை அடைக்கிறேன் என்பார்கள். அது 42 சதவீத வட்டியிலிருந்து குறைந்த வட்டிக்கு இடம் மாறுவதே தவிர, வட்டியிலிருந்து வெளியேறுவது ஆகாது. அணியாமல் கிடக்கும் நகையை, மனைவி மனமுவந்து சம்மதித்தால், விற்று அடைப்பதே சரி. சம்மதம் இன்றித் தொடக் கூடாது. அவளுடைய நகை அவளுடைய சொத்து. கணவனுடைய இரண்டாவது வண்டி, புதிதாக வாங்கிய கைப்பேசி, வாங்கிப்போட்ட மனை ஆகியவை முதலில் போகட்டும்.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் காலத்தில் ஜுஹைனா கோத்திரத்தைச் சேர்ந்த உஸைஃபிஉ என்றொருவர் இருந்தார். விலையுயர்ந்த ஒட்டகங்களைக் கடனுக்கு வாங்கி, விரைந்து பயணம் செய்து, மற்ற ஹாஜிகளை முந்திக்கொண்டு போய்ச் சேருவது அவர் வழக்கம். கடைசியில் முறிந்துபோனார். கலீஃபா அவர்கள் மக்களைக் கூட்டினார்கள். ஹாஜிகளை முந்தினான் என்ற பேச்சுக்காக இவர் திருப்பிக் கொடுக்கும் எண்ணமின்றிக் கடன் வாங்கினார் என்று எடுத்துரைத்தார்கள். பாக்கி உள்ளவர்கள் மறுநாள் வரட்டும், அவருடைய பொருளைப் பங்கிட்டுத் தருவோம் என்றும் அறிவித்தார்கள். கடனின் தொடக்கம் கவலை, முடிவு கேடு என்றும் எச்சரித்தார்கள். இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் உள்ள இச்செய்தி, கார்டு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டியது. அவருக்கு வேகமான ஒட்டகம்; நமக்கு வேறு பொருள்கள். தவணைக்கு வாங்கிய பந்தலில் கல்யாணம், கார்டில் தேய்த்த பணத்தில் உம்ரா! கடன் போக மிச்சமில்லாதவன் மீது அல்லாஹ் ஹஜ்ஜைக்கூடக் கடமையாக்கவில்லை. அவன் கடமையாக்காததை நாம் வட்டிக்கு வாங்கி நிறைவேற்ற வேண்டுமா?

தள்ளுபடியும் நேர்மையும்

எல்லாம் விற்றும் போதவில்லை என்றால்? அப்போதுதான் சமரசம் பேசுவது. கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வரவேண்டிய பாக்கியைப் பள்ளிவாசலில் வைத்தே ஒருவரிடம் கேட்டார்கள். குரல்கள் உயர்ந்தன. நாயகம் (ஸல்) அவர்கள் தம் அறையின் திரையை விலக்கி, பாதியைத் தள்ளிவிடுமாறு கஅபுக்குச் சைகை செய்தார்கள். அவர் உடனே இசைந்தார். அடுத்த நொடியே கடனாளியை நோக்கி, எழுந்து போய் மீதியைக் கொடுத்துவிடும்படி பணித்தார்கள். கடன் கொடுத்தவனிடம் இரக்கத்தைக் கேட்ட அதே வாய், கடன்பட்டவனிடம் தாமதம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. இரண்டும் சேர்ந்ததே சமரசம்.

இன்று வங்கிகளும் தவறிப்போன கடனில் ஒரு பகுதியைத் தள்ளி, மீதியைப் பெற்று முடித்துக்கொள்ள இசைகின்றன. கொடுத்தவர் தாமே விட்டுக்கொடுத்தால் அந்தப் பகுதி நம்மை விட்டு நீங்கிவிடும். ஆனால் வீட்டில் பணத்தை ஒளித்துவைத்து, ஏழை போல் நடித்துப் பெறும் தள்ளுபடி ஹலாலாகாது. வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநீதி என்பது நபிமொழியின் கருத்து. சமரசத்தின் நிபந்தனைகளை வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். வசூலிக்க வருபவர் கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள். முடிந்தபின் பாக்கி இல்லை என்ற கடிதம் பெறுங்கள். இப்படி முடிந்த கணக்கைச் ‘சமரசத்தில் தீர்ந்தது’ என்றே சிபிலில் குறிப்பார்கள்; முழுதும் கட்டியதாகக் குறிக்க மாட்டார்கள். அதனால் மதிப்பெண் சில காலம் தாழ்ந்தே இருக்கும். இருக்கட்டும். நடந்தது அதுதானே?

மதிப்பெண்ணை உயர்த்தித் தருகிறோம் என்று பணம் கேட்கும் தரகர்களை நம்பவேண்டாம். உண்மையாக நடந்த தவறுதலை எந்தத் தரகனாலும் அழிக்க முடியாது. குறிப்பில் பிழை இருந்தால் நாமே இலவசமாக முறையிட்டுத் திருத்தலாம்; ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறவும் ரிசர்வ் வங்கி வழி செய்திருக்கிறது. டெபாசிட் போட்டு அதன் பேரில் புதிய கார்டு வாங்கினால் ஸ்கோர் ஏறும் என்று யோசனை கூறுவோரும் உண்டு. வட்டி வரும் டெபாசிட்டின் மீது வட்டி நிபந்தனையுள்ள கார்டு! வட்டியின் சந்தையில் நல்ல பெயர் எடுப்பதற்காக மறுபடியும் வட்டிக்குள் நுழைவது ஒரு முஃமினுக்குப் பொருந்துமா?

பயமும் வேண்டாம். மோசடி ஏதுமின்றி, வசதியில்லாமையால் கார்டுக் கடன் தவறியது மட்டுமே சிறைக்குரிய குற்றமன்று. அது உரிமையியல் வழக்கு. வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கலாகாது, அச்சுறுத்தலாகாது, உறவினர்களை அவமானப்படுத்தலாகாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி கண்டிப்பாக அறிவித்திருக்கிறது. மீறினால் வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் தக்க பதில் இல்லையேல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கடனுக்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொள்ளும் செய்திகளைப் பத்திரிகைகளில் காண்கிறோம். சகோதரர்களே! கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு 280-ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். அவனே அவகாசம் கேட்டுத் தந்திருக்கும்போது, நம் உயிரை நாம் தவணையாகக் கட்டுவதா?

ஜமாஅத்தின் பங்கு

இதுவரை கடனாளியிடம் பேசினோம். இனி ஊராரிடமும் ஒரு வார்த்தை. நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் ஒருவர் வாங்கிய பழங்கள் நஷ்டமாகி, கடன் மிகுந்துவிட்டது. அவருக்குத் தர்மம் செய்யுங்கள் என்று முதலில் மக்களிடம் சொன்னார்கள். மக்கள் கொடுத்தார்கள், ஆயினும் கடன் முழுதும் அடையவில்லை. அதன் பின்னரே கடன் கொடுத்தவர்களிடம், இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், இதற்கு மேல் உங்களுக்கில்லை என்று கூறினார்கள். முஸ்லிமில் உள்ள இந்த வரலாற்றின் வரிசையைக் கவனியுங்கள். கடன் கொடுத்தவன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சொல்வதற்கு முன்பாக, ஊரார் கை நீள வேண்டியிருந்தது.

தௌபா அத்தியாயத்தின் 60-ஆம் வசனத்தில் ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடன்பட்டவரும் ஒருவர். நம் ஊர்களில் ஜகாத் என்றால் ரமலானில் சேலையும் சில்லறையும் என்று ஆகிவிட்டது. பத்து வீட்டு ஜகாத்தைச் சேர்த்தால், வழிதவறி விழுந்து தௌபாச் செய்த ஓர் ஏழையின் அசல் கடன் தீர்ந்துவிடும். அவர் கையில் கொடுத்தோ, அவர் சொற்படி கடன் கொடுத்தவருக்குச் செலுத்தியோ அதை நிறைவேற்றலாம்.

வட்டியின்றிப் பணம் புரளாது என்பாரும் உண்டு. நம் மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமும், தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணியிலும் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடப்பதை அறியாதவர் யார்? விருந்து வைக்கும் வீட்டுக்கு ஊரே மொய் எழுதுகிறது. வாங்கியவர் நோட்டைப் பார்த்துப் பின்னர் அவரவர் விருந்தில் திருப்பி எழுதுகிறார். கூடுதலாக எழுதுவதைப் புது மொய் என்று தனிக் கணக்கில் வைக்கிறார்கள். அந்த வழக்கத்தில் உள்ளதெல்லாம் மார்க்கத்துக்கு ஒத்தது என்று நாம் கூறவில்லை. கூட்டித்தான் திருப்ப வேண்டும் என்ற கட்டாயம் புகுந்தால் அது ஆராய வேண்டிய விஷயம். ஆனால் ஒன்று விளங்குகிறது. ஒரு நோட்டும், ஊராரின் நினைவும், கொடுத்த சொல்லும் இருந்தால் மதிப்பெண் இல்லாமலே பணம் புரளும். மாற்று மதச் சகோதரர்கள் இதைச் செய்து காட்டும்போது, கர்ளு ஹஸனா என்ற அழகிய கடனைக் குர்ஆனில் ஓதும் நம்மால் முடியாதா? வட்டியில்லா நகைக்கடன் கொடுக்கும் பைத்துல்மால்கள் தமிழகத்தில் உண்டு. ஒவ்வொரு மஹல்லாவிலும் அப்படி ஒன்று எழ வேண்டும். கொடுக்கும்போது 282-ஆம் வசனத்தின் கட்டளைப்படி எழுதி, சாட்சி வைத்துக் கொடுக்க வேண்டும். வாங்கியவரும், “நம்ம ஜமாஅத்துப் பணம்தானே” என்று இழுத்தடித்தால் அந்தப் பைத்துல்மால் ஓராண்டும் நிலைக்காது.

மதிப்பெண் விழுந்ததால் கதவடைக்கப்பட்ட சகோதரரே! அந்த அடைபட்ட கதவை ஒரு ரஹ்மத்தாக எண்ணிப் பாரும். மதிப்பெண் நன்றாக உள்ளவனுக்கு வட்டியின் வாசல் இன்னும் திறந்தே கிடக்கிறது. உமக்கு அல்லாஹ் அதை மூடிவிட்டான். அந்த எண் ஏறினாலும் இறங்கினாலும் கபுரில் எவரும் அதைக் கேட்கப் போவதில்லை. யாருக்கு என்ன கொடுக்க வேண்டியிருந்தது, கொடுக்க முயன்றாயா, உண்மை பேசினாயா என்பதே மறுமையின் கேள்வி. இந்த மாதம் நீர் அசலில் நூறு ரூபாய் குறைத்து, ஒரு பொய்யையும் குறைத்தீரானால், உமது நாணயம் அந்த அளவுக்கு மீண்டுவிட்டது.

வல்ல நாயன் நம் அனைவரையும் வட்டியின் தீங்கை விட்டும் கடனின் பாரத்தை விட்டும் காத்தருள்வானாக! பட்ட கடனை நேர்மையோடு தீர்க்கும் தௌஃபீக்கையும், தீர்க்கத் துடிப்பவர்க்குத் துணை நிற்கும் மனத்தையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.